வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதும் உங்கள் மச்சான்தான்

கேள்வி:

கப்டன் ஐயாவுக்கு வணக்கம். என் ஊர் கொக்குவில். வயது 36. வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக எயார்பஸ் ஏ320 விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். எங்கள் குழுமம் மூன்று வருடத்துக்கு முன் மலிவுக் கட்டணத் துணை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. இப்போது எங்களுடைய பன்னிரண்டு விமானங்களையும் அவை பறந்த பாதைகளையும் அங்கே மாற்றுகிறார்கள். விருப்பமானவர்கள் இங்கே ராஜினாமா செய்துவிட்டு அங்கே புதிதாகச் சேரலாம், ஒரு வருடத்தில் கப்டன் ஆக்குவோம் என்கிறார்கள். ஆனால் மூப்புப் பட்டியலில் கடைசி இடம், சம்பளமும் குறைவு. பதில் சொல்ல ஆறு கிழமை தந்திருக்கிறார்கள். இங்கேயே நின்றால் எப்போது கப்டனாவேன் என்று தெரியாது. அம்மா, "கப்டன் எண்டால் கப்டன்தானே, போ" என்கிறார்.

இன்னொரு விஷயம். என் மாமாவின் மகன் அந்தத் துணை நிறுவனத்தில்தான் விமானி. எங்கள் யூனியனின் வாட்ஸ்அப் குழுவில் அவர்களை "எங்கள் வயிற்றில் அடிக்க வந்தவர்கள்" என்று எழுதுகிறார்கள். அவர்களோடு பேசுவதில்லை, அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுமில்லை என்று தீர்மானம் வரப்போகிறது. இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு நானும் மச்சானும் ஒரே வீட்டில் நின்றோம், ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை. நான் போவதா, நிற்பதா? அந்தத் தீர்மானத்துக்கு வாக்களிப்பதா?

பதில்:

தம்பி, கடைசியாகக் கேட்டதை முதலில் எடுக்கிறேன். அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களிக்க வேண்டாம். அப்படி ஒரு வாக்கை நானும் ஒருகாலத்தில் போட்டவன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நான் பறந்த நிறுவனமும் ஒரு குழுமத்தைச் சேர்ந்ததுதான். குறுந்தூரப் பறப்புகளுக்கென்று அவர்கள் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சில வருடம் கழித்து அங்கிருந்த விமானிகள் எங்கள் யூனியனில் தங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். கூட்டம் வைத்தோம். அவர்கள் நேற்று வந்தவர்கள், பட்டியலை ஒன்றாக்கினால் எங்கள் இடம் கீழே போய்விடும் என்று ஒருவர் மாறி ஒருவர் எழுந்து பேசினார்கள். அதைக் கேட்டு நானும் எதிர்த்துக் கை தூக்கினேன். எட்டு வருடத்துக்குள் எங்கள் சிறிய ஜெட் விமானங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. வியாபாரம் படுத்த ஒரு வருடம் ஆட்குறைப்பு வந்தது. பட்டியலின் அடியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் என் பெயரும் இருந்தது.

பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். கடைசியில் வேலை கிடைத்தது அந்தத் துணை நிறுவனத்தில்தான், அதுவும் துணை விமானி இருக்கும் வலப்பக்க இருக்கையில். இடப்பக்கத்தில் என்னைவிடப் பத்து வயது இளைய கப்டன். நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஒரு இரவுப் பறப்பில், "அந்த வாக்கெடுப்பில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். எதிர்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கு எங்களை உள்ளே எடுத்திருந்தால் நாங்களும் உங்கள் சம்பளத்தைத்தான் கேட்டிருப்போம். நாங்கள் மலிவாக இருந்தபடியால்தானே விமானங்கள் எங்களிடம் வந்தன" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த மூப்புப் பட்டியல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்காது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருபது வருடம் வேலை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் கொழும்புக்கு மாறினால் அங்கேயும் அவர் நிபுணர்தான். விமானிக்கு அப்படி இல்லை. பட்டியல் முறை உள்ள நிறுவனங்களில், இருபது வருடம் பறந்த கப்டனும் இன்னொரு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியில் நிற்க வேண்டியதுதான். எந்த விமானம் ஓட்டுவது, எப்போது கப்டனாவது, எந்த ஊரில் இருந்து பறப்பது, தைப்பொங்கலுக்கு லீவு கிடைக்குமா, ஆட்குறைப்பில் யார் முதலில் வீட்டுக்குப் போவது, எல்லாமே சேர்ந்த திகதிப்படி வரும் அந்த ஒரு இலக்கத்தில் தொங்குகிறது. இதில் ஒரு நல்லதும் உண்டு. இயந்திரத்தில் சந்தேகம், இன்றைக்குப் பறக்க மாட்டேன் என்று ஒரு கப்டன் சொன்னால், அதற்காக அவருடைய பதவி உயர்வை யாரும் பின்னால் தள்ள முடியாது. பட்டியல் மேலதிகாரியின் முகத்தைப் பார்க்காது. பயணிகளுக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் அந்த இலக்கத்துக்குப் பெறுமதி எங்கிருந்து வருகிறது? பறப்பிலிருந்துதான். விமானம் இல்லாத பட்டியலில் முதல் ஆளாக இருந்தும் பிரயோசனம் இல்லை. எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் பார்த்திருப்பீர்கள். இத்தனை பரப்புக் காணி என்று எழுதிவிட்டு, கூடவே கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று எழுதுவார்கள். காணி கைமாறினால் தண்ணீர் இறைக்கும் உரிமையும் சேர்ந்தே போகும். உங்கள் நிறுவனம் இப்போது செய்வது காணியை ஒருவருக்கு எழுதிவிட்டு, கிணற்றுப் பங்கை மட்டும் உங்கள் பெயரில் விட்டுவைப்பது. உங்கள் யூனியன் அந்தக் கிணற்றைக் காவல் காக்கிறது. பயிர் அடுத்த காணிக்குப் போய்விட்டது. பறப்பு போகும் இடத்துக்கு மூப்பும் போகவேண்டும் என்பதுதான் யூனியன் கேட்கவேண்டிய கோரிக்கை. அதைத் தனியாகக் கேட்டு வாங்க முடியாது. அந்தக் காணியில் ஏற்கெனவே நிற்கிற உங்கள் மச்சானும் சேர்ந்து கேட்கவேண்டும்.

பயிற்சி கொடுக்க மாட்டோம் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தியாவைப் பாருங்கள். 2007இல் எயார் இந்தியாவையும் இந்தியன் எயார்லைன்ஸையும் ஒன்றாக்கினார்கள். நிறுவனம் ஒன்றானது, விமானிகளுக்கு இரண்டு சங்கம் தொடர்ந்தது. 2011இல் பழைய இந்தியன் எயார்லைன்ஸ் பக்கத்தவர்கள் சமசம்பளம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருடம் போயிங் 787 வருகிறது என்றதும் அதில் யாருக்குப் பயிற்சி என்று தகராறு. தங்களுக்கு வரவேண்டிய விமானத்தில் மற்றப் பக்கத்தவர்களைப் பயிற்றக்கூடாது என்று பழைய எயார் இந்தியா பக்கத்தவர்கள் 2012 மே மாதத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 58 நாள் நீடித்தது. நூறுக்கு மேற்பட்ட விமானிகளை வேலையிலிருந்து நீக்கினார்கள். சங்கத்தின் அங்கீகாரமும் போயிற்று. அந்த நாட்களில் மற்றப் பக்கத்தவர்கள் உள்நாட்டுப் பறப்புகளை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். முந்தின வருடம் இரண்டு பக்கமும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்த 58 நாள் தேவைப்பட்டிருக்குமா என்று நான் பல தரம் யோசித்திருக்கிறேன்.

அமெரிக்கக் கதை இன்னும் நீளம். 2005இல் அமெரிக்கா வெஸ்ட் நிறுவனமும் யூ.எஸ். எயார்வேஸும் இணைந்தன. பட்டியலை எப்படி ஒன்றாக்குவது என்று ஒரு நடுவரிடம் விட்டார்கள். 2007 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஆட்குறைப்பில் வீட்டிலிருந்த யூ.எஸ். எயார்வேஸ் விமானிகள் எத்தனை வருடச் சேவை இருந்தாலும், அமெரிக்கா வெஸ்ட்டில் சில மாதங்களுக்கு முன் சேர்ந்தவர்களுக்குக் கீழே போனார்கள். எண்ணிக்கையில் கூடிய யூ.எஸ். எயார்வேஸ் பக்கம் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அதுவரை இருந்த யூனியனையே 2008இல் வாக்குப் போட்டு வெளியேற்றிப் புதியதொன்றை அமைத்தார்கள். வழக்குக்கு மேல் வழக்கு. அமெரிக்கன் எயார்லைன்ஸோடு இணைந்த பிறகு, 2016இல்தான் ஒரே பட்டியல் வந்தது. அந்த இடைக்காலத்தில் பல வருடம் யூ.எஸ். எயார்வேஸ் பக்கத்தவர்கள் திவால் காலத்தில் வெட்டிய சம்பளத்திலேயே பறந்தார்கள். பட்டியலில் எந்த இடம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்ததில், பட்டியலில் உள்ள எல்லோருக்கும் கிடைக்கவேண்டிய சம்பளம் போனது.

இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் பட்டியலை நியாயமாகச் சேர்க்கவேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போகவேண்டும் என்று அமெரிக்காவில் 2007இல் சட்டமே வந்தது. 2001இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை வாங்கியபோது அங்கிருந்த விமானிகளில் பெரும்பாலானோரைப் பட்டியலின் அடியில் ஒட்டினார்கள். அந்தக் கசப்பில் பிறந்த சட்டம் அது. உங்கள் விஷயத்துக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: அந்தச் சட்டம் நிறுவனங்கள் ஒன்றாவதற்குத்தான். இரண்டு நிறுவனமும் தனித்தனியாக இருக்க, விமானத்தை மட்டும் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகர்த்தினால் அது காப்பாற்றாது. அந்த நகர்த்தலைக் கட்டுப்படுத்துவது கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கும் ஸ்கோப் என்ற பந்திதான். இந்தப் பெயரில் ஓடும் எந்தப் பறப்பை எங்கள் பட்டியல் விமானிகள் ஓட்டவேண்டும், எதை வெளியே கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா? பன்னிரண்டு விமானங்கள் இவ்வளவு இலகுவாக நகர்வதைப் பார்த்தால், ஒன்றில் அது இல்லை, அல்லது யாரும் அதைத் திறந்து வாசிக்கவில்லை.

துணை நிறுவனத்தில் இருப்பவர்களுக்கும் நிம்மதி கிடையாது என்பதை உங்கள் வாட்ஸ்அப் குழு அறியவேண்டும். அமெரிக்கன் எயார்லைன்ஸ் குழுமத்துக்கு என்வோய், பி.எஸ்.ஏ., பீட்மொன்ட் என்று சொந்தமாக மூன்று பிராந்திய நிறுவனங்கள் உண்டு. 2013இல் பி.எஸ்.ஏ. விமானிகள் சில விட்டுக்கொடுப்புகளுக்குச் சம்மதித்தார்கள், புதிய விமானங்கள் அங்கே போயின. 2014இல் என்வோய் விமானிகள் அப்படியான ஒப்பந்தத்தை வாக்களித்து மறுத்தார்கள், அவர்களுக்கு வரவிருந்த விமானங்கள் வேறு நிறுவனங்களுக்குப் போயின. ஜேர்மனியில் லுப்தான்சா குழுமத்தின் ஜேர்மன்விங்ஸ் 2020இல் மூடப்பட்டது. அதே குழுமத்தின் யூரோவிங்ஸ் இருக்கும்போதே 2021இல் யூரோவிங்ஸ் டிஸ்கவர், 2024இல் சிட்டி எயார்லைன்ஸ் என்று இன்னும் இரண்டைத் தொடங்கினார்கள். இன்றைக்கு உங்கள் விமானங்களை வாங்கிக்கொள்ளும் நிறுவனத்துக்குக் கீழே நாளைக்கு ஒன்றைத் தொடங்கமாட்டார்கள் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

சரி, போவதா நிற்பதா?

நிற்பது பாதுகாப்பு என்று நினைக்கவேண்டாம். ஒரு ஏ320 விமானத்துக்கு ஏறக்குறைய ஐந்து சோடி விமானிகள் வேண்டும். பன்னிரண்டு விமானம் என்றால் அறுபது கப்டன் இருக்கைகள் உங்கள் பட்டியலை விட்டுப் போகின்றன. இன்றைக்கு இரவு பட்டியலை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். சர்வதேசப் பறப்பில் விமானியின் வயது எல்லை 65. உங்களுக்கு மேலே இருக்கும் ஒவ்வொருவருக்கும் எந்த வருடம் 65 ஆகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். அதன் பிறகு அந்த அறுபதைக் கழித்துவிட்டு, கப்டன் இருக்கை எந்த வருடம் உங்களிடம் வருகிறது என்று பாருங்கள். நாலைந்து வருடம் என்று வந்தால் நில்லுங்கள், உங்களுக்கு முன்னால் இன்னும் 29 வருடம் கிடக்கிறது. பத்து வருடத்துக்கு மேலே என்றால் போவதைப் பற்றி யோசிக்கலாம். கப்டனாகப் பறந்த மணித்தியாலங்களை உங்கள் லொக்புக்கிலிருந்து யாரும் பறிக்க முடியாது. எந்த நாட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அந்தளவில் அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். இது இந்தப் பதிலிலேயே நான் மிகவும் அழுத்திச் சொல்லும் விஷயம். ராஜினாமா செய்தால் ஒன்பது வருடமும் ஒரே நாளில் அழிந்துவிடும். மூப்பு மட்டுமில்லை, பழைய ஒப்பந்தத்தின் பாதுகாப்பும் போய்விடும். சேவைக்காலப் பணமும் ஓய்வூதியக் கணக்கும் என்ன ஆகும் என்பதையும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதிலாக, தற்காலிகமாக அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். தாய் நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் இலக்கம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், உடல் மட்டும் அங்கே போய்ப் பறக்கவேண்டும். நடக்காத விஷயத்தை நான் சொல்லவில்லை. 2014 செப்டெம்பரில் எயார் பிரான்ஸ் விமானிகள், தங்கள் குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ட்ரான்சாவியா விஷயத்தில் 14 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரான்சுக்கு வெளியே ட்ரான்சாவியாவை விரிக்கும் திட்டத்தை நிறுவனம் கைவிட்டது. பிரான்சுக்குள் அது வளர்ந்தது, எயார் பிரான்ஸ் விமானிகள் மூப்பை இழக்காமல் அங்கே போய்ப் பறக்க வழி பிறந்தது. குழுமத்துக்கு மலிவு நிறுவனம் கிடைத்தது, விமானிகளுக்குப் பட்டியல் மிஞ்சியது.

திரும்பி வரும் உரிமையையும் கேளுங்கள். "வாய்ப்பு இருந்தால் பரிசீலிக்கப்படும்" என்று எழுதித் தந்தால் அது வெறும் கடதாசி. எத்தனை வருடத்துக்குள், எந்த இருக்கைக்கு, எந்த இலக்கத்தில் என்று இருக்கவேண்டும். ஒரு வருடத்தில் கப்டன் என்ற வாக்குறுதியும் ஒப்பந்தத்தில் வரவேண்டும், பயிற்சியில் தவறினால் எங்கே நிற்பீர்கள் என்பதும் வரவேண்டும். பயிற்சிச் செலவுக்குப் பிணை கேட்டால், நிறுவனமே மூடினால் அந்தக் கடன் யாருடையது என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட, யார் கையெழுத்து வைக்கிறார்கள் என்று பாருங்கள். துணை நிறுவனம் மட்டும் வைத்தால் போதாது, தாய் நிறுவனமும் வைக்கவேண்டும். குழுமம் என்பது என்றைக்கும் நிலைக்கும் ஒன்று என்று நினைக்காதீர்கள். 2019 நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வந்து இறங்கிய அலையன்ஸ் எயாரின் ஏடிஆர் விமானம் ஞாபகமா? இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒரு பயணிகள் விமானம் என்று ஊரே பேசியது. அன்றைக்கு அலையன்ஸ் எயார், எயார் இந்தியாவின் துணை நிறுவனம். 2022 ஜனவரியில் எயார் இந்தியா டாட்டாவிடம் போயிற்று. அலையன்ஸ் எயார் போகவில்லை, இந்திய அரசின் கையிலேயே நின்றது. அந்த வருடம் டிசம்பரில் அது பலாலிக்குத் திரும்பி வந்தபோது அதன் தாய் வீடு வேறாகிவிட்டது. நம் நாட்டிலும் 2007இல் தொடங்கிய மிஹின் லங்கா 2016இல் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்குள் கலந்துவிட்டது. நிறுவனம் விற்கப்பட்டால், பிரிக்கப்பட்டால், மூடப்பட்டால், இந்த உரிமைகள் புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தை நம்பிப் போகாதீர்கள்.

இவையெல்லாவற்றையும் நீங்கள் ஒருவராகப் போய்க் கேட்டால் சிரித்துவிட்டு அனுப்புவார்கள். ஆகவே மறுபடியும் யூனியனுக்கே வருகிறேன். தீர்மானத்தை எதிர்ப்பதோடு நிற்காமல், அதன் இடத்தில் இன்னொன்றை வையுங்கள்: இரண்டு நிறுவன விமானிகளிலும் சம எண்ணிக்கையில் ஆட்களை எடுத்து ஒரு குழு. அந்தக் குழு முதல் கூட்டத்திலேயே பட்டியலைத் தொடவேண்டாம், தொட்டால் அன்றைக்கே உடையும். முதலில் இரண்டு சின்ன உடன்பாடு போதும். ஒரு பக்கம் வேலைநிறுத்தத்தில் இருக்கும்போது மற்றப் பக்கம் அந்தப் பறப்பை ஓட்டுவதில்லை. இரண்டு கூட்டு ஒப்பந்தமும் ஒரே திகதியில் முடியும்படி அடுத்த முறை பேசுவது. ஒரே நாளில் இரண்டும் முடிந்தால், ஒருவரைக் காட்டி மற்றவரை மிரட்ட நிர்வாகத்துக்கு இடம் இருக்காது.

பட்டியலுக்கு வரும்போது வேலியைப் பற்றிப் பேச்சு வரும். எங்கள் தொழிலிலேயே அதற்கு வேலி என்றுதான் பெயர். சேர்ந்த திகதியை வைத்து ஒரே பட்டியல் போட்டாலும், தாய் நிறுவனத்தின் பெரிய விமானங்கள் இத்தனை வருடத்துக்குப் பழைய தாய் நிறுவன விமானிகளுக்கே என்றும், மாற்றப்பட்ட விமானங்களில் கப்டன் இருக்கைகளில் ஒரு பங்கு துணை நிறுவனத்தவர்களுக்கே என்றும் அடைத்துவைப்பது. இரண்டு பக்கத்துப் பயத்துக்கும் அது மருந்து. ஆனால் யாழ்ப்பாணத்து ஆளுக்கு வேலியைப் பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. திகதி போடாத வேலியில் கதியால், அதுதான் வேலிக்கு நடும் கம்பு, வருடத்துக்கு ஒரு சாண் நகரும், சண்டை பேரப்பிள்ளை வரைக்கும் போகும். ஆகவே எந்த வேலியாக இருந்தாலும் அது பிடுங்கப்படும் திகதியை அதே பந்தியில் எழுதுங்கள்.

ஒன்பது வருடம் இருந்தவருக்குக் கீழே மூன்று வருடம் இருந்தவர் என்று வந்தால் உங்கள் மச்சான் கோபப்படமாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் கோபப்படுவது வயிற்றில் அடிக்க வந்தவன் என்று சொல்லப்பட்டதற்கு. வேலை விளம்பரம் வந்தது, விண்ணப்பித்தார், எடுத்தார்கள். அந்த வருடம் நீங்கள் வேலை தேடிக்கொண்டிருந்தால் நீங்களும் விண்ணப்பித்திருப்பீர்கள்.

ஆறு கிழமையில் எத்தனை போய்விட்டது என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே இன்றைக்கே அவருக்குக் கோல் எடுங்கள். திருவிழாவைப் பற்றிப் பேசவேண்டாம். "உன்ர கொன்ராக்ட்டைக் கொண்டு வா, நான் என்ரதைக் கொண்டு வாறன்" என்று மட்டும் சொல்லுங்கள். மூப்பு, ஆட்குறைப்பு, நிறுவனம் கைமாறினால் என்ன என்ற மூன்று பந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்பினால், வரிவரியாகப் பார்த்து ஒரு கிழமைக்குள் பதில் எழுதுகிறேன்.